கேட்டு மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டு மூடினால்
எப்போது திறக்கும் என்று கேட்கக்கூடாது.
சரக்கு வண்டி பாதியில் நிற்கும்,
யோசிக்கும்,
வந்த வழியே கொஞ்சம் போகும்.
அந்த நேரத்தில்தான் எங்கள் கூட்டம்.

ஆலோசகர் ஹேமாவதி அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வாள்.
நர்ஸ் டார்த்தி இந்தப் பக்கம்,
எடை மெஷினை இடுப்பில் தூக்கி வைத்தபடி.
நான் பால்வாடியைப் பூட்டி
முட்டைக் கணக்கை மூடிவிட்டு வருவேன்.
ஆட்டோ ஸ்டாண்டு சம்மனசு அண்ணன்
சங்கத்துத் தார்ப்பாயை விரித்துவிட்டு
தள்ளி நிற்பார், காது மந்தமானவர் போல.

காகிதத்தில் எங்களுக்குப் பெயர்
கூட்டுச் செயல்பாட்டுக் குழு.
கையெழுத்து நான்கு, முத்திரை மூன்று.
ஸ்டாண்டுக்கு ஏது முத்திரை?
மை டப்பாவை நகர்த்தினார் அதிகாரி.
"பேனாவ குடு சார்" என்றார் சம்மனசு,
தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக,
இன்ஷியலோடு எழுதினார்.

எஸ்தரின் மகன் லிதர்சனுக்கு
இரண்டு வயதும் நாலு மாதமும்.
ஒரு சொல் வரவில்லை.
எடை சரி, உயரம் சரி, காது சரி.
அவளிடம்தான் சொல் குறைந்துகொண்டே போனது.
கேட்டால் தலையாட்டுவாள்,
கேட்காவிட்டாலும் ஆட்டுவாள்.

ஹேமாவதி தாளை எடுத்தாள்.
கடந்த இரண்டு வாரங்களில்
தூங்கச் சிரமப்பட்டீர்களா?
சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும்.

"தண்ணி லாரி மூணு மணிக்கு வருது மேடம்.
அதுக்கு முன்னாடி முழிப்பு, வந்துட்டா போயிடுமோன்னு.
அதுக்கு அப்பால முழிப்பு, வந்துட்டுப் போனதால.
இது எந்தக் கட்டம்?"

அன்றைக்கு அவள் பேசியதில் அதுதான் நீளம்.
ஹேமாவதி பேனாவை மூடினாள்.
கேட்டு திறந்தது. மண்ணெண்ணெய் வாடையோடு
வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.
நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து
சென்ட்ரலில் ராத்திரி சவாரி முடித்து வருகிறவர்கள்
எஸ்தரின் நாலு குடத்தையும்
வரிசையில் வைத்து, நிரப்பி,
வாசலில் சத்தமில்லாமல் இறக்கினார்கள்.
காது மந்தமானவரின் ஏற்பாடு.
மாத அறிக்கையில் எந்தத் தலைப்பில் இதை எழுதுவது?
'தூக்கம்' என்று எழுதினேன்.
மேலிடத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.
பதில் எழுதவில்லை.

அந்தத் தாளில் ஒன்று மிச்சமிருந்தது,
வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
எல்லோரும் தூங்கிய பிறகு
பென்சிலால் டிக் அடித்தேன், எனக்கு.
கூட்டிப் பார்க்கவில்லை.
அடுத்த கூட்டத்தில் ஹேமாவதியிடம் மடித்துக் கொடுத்தேன்.
அவளும் அங்கே பிரிக்கவில்லை, பையில் வைத்துக்கொண்டாள்.

குழந்தையோடு பேசச் சொன்னார்கள் எஸ்தரை.
"இன்னா பேசறது?"
டார்த்தி சொன்னாள்: கண்ணுக்குத் தெரியறதை.
கண்ணுக்குத் தெரிந்தது சரக்கு வண்டி.
கறுப்பு டேங்க், கறுப்பு டேங்க்,
துரு பிடிச்ச டேங்க்.
பிறகு எண்ணத் தொடங்கினாள்,
ரேஷன் கடையில் டோக்கன் கூப்பிடும் குரலில்.
லிதர்சன் அவள் தாவாங்கட்டையைப் பிடித்துக்கொண்டு
வாய் அசைவதைப் பார்ப்பான்.

ஆனி மாசம், வெயில், செவ்வாய்க்கிழமை.
நாற்பத்தொண்ணு என்றாள்.
வண்டி நின்றது. அவளும் நின்றாள்.
அவன் நிமிர்ந்து பார்த்தான்,
இன்னும் பார்த்தான்,
"ம்?" என்றான்.

டார்த்தியின் பட்டியலில் அம்மா உண்டு, பால் உண்டு,
காக்கா உண்டு. 'ம்' இல்லை.
எஸ்தர் எங்கள் பக்கம் திரும்பினாள்,
அடுத்து என்ன சொல்வது என்று கேட்பதைப்போல.
நாங்கள் என்ன கண்டோம்?
சம்மனசு அண்ணன்கூட வாயைத் திறக்கவில்லை.

இரும்பு இரும்பை இடித்துக்கொண்டு
வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.
நாற்பத்தொண்ணு, என்றாள் மறுபடியும்.
நாப்பது.
"ம்?"
முப்பத்தொம்போது.